வெள்ளையடித்த அடுப்பு

எங்கள் ஊருக்கு மறுபடியும் நிலம் அளக்க வந்திருக்கிறார்கள். இப்போது சங்கிலி கிடையாது. காளான் போலத் தலை வைத்த ஒரு கருவியைக் கம்பத்தில் நிறுத்திவிட்டு, ஆகாயத்தில் சுற்றுகிற சாட்டிலைட்டைக் கேட்டு எல்லை சொல்கிறார்கள். நான் சர்வேயில் செயின்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவன் என்று யாரோ சொல்லிவிட, அந்தப் பிள்ளைகள் டீக்கடையில் என்னைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள்.

"ஏனுங்கய்யா, உங்க சர்வீஸ்ல ரொம்பச் செரமமான கேஸ் எதுங்க?"

மறையூரில் கரும்புக்குள் சங்கிலியோடு புகுந்து, வரப்பு முடிகிற இடத்தில் யானையைக் கண்ட கதையைச் சொன்னேன். "சங்கிலியை விட்டுட்டு ஓடுனீங்களா, எடுத்துட்டு ஓடுனீங்களா?" என்று ஒருவன் கேட்டான். "சர்க்கார் சாமான் தம்பி, எடுத்துட்டுத்தான் ஓடுனேன்" என்றேன். சிரித்தார்கள். டீக்காசை அவர்களே கொடுத்தார்கள்.

ஆனால் அவர்கள் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. யானை என்னை ஓட வைத்தது, அவ்வளவுதான். தலைகுனிய வைத்த கேஸ் வேறு. அதை டீக்கடையில் சொல்ல வாய் வரவில்லை. எழுத்தில் வருகிறதா, பார்க்கிறேன்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. நான் படிப்பைக் கைவிடவில்லை. கடலைப் பொட்டலம் கட்டி வந்த பேப்பரைக்கூட இரண்டு பக்கமும் படித்துவிட்டுத்தான் எறிவேன். மலைப்பக்கம் வேலைக்குச் சேர்ந்தேன். கம்பம்மெட்டில் ஏலக்காட்டுச் சரிவுகளில் சங்கிலியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஏறி இறங்கியதுதான் என் பயிற்சி. கற்றுக்கொடுத்த பழைய செயின்மேன் இரண்டே வாக்கியம்தான் சொல்வார். ஒன்று, "ஆத்துல போட்டாலும் அளந்து போடு." இன்னொன்று, "சங்கிலி தொய்ஞ்சா இல்லாத நிலம் கணக்குல வரும், அதைத் தேடி ஆள் வருவான்." இரண்டும் கடைசிவரை போதுமாக இருந்தன.

எழுபதுகளின் அந்த வருஷங்களில் கேரளாவில் நிலச் சட்டம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. அடுத்தவர் நிலத்தில் குடிசையில் வாழ்கிறவருக்கு அந்தக் குடிசையும் அதைச் சுற்றிப் பத்து சென்ட் இடமும் சொந்தம். குடிகிடப்பு என்று அதற்குப் பெயர். மனுக் கொடுத்தால் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் நேரில் வருவார். மனுதாரர் அங்கே உண்மையாகவே வாழ்கிறாரா என்று பார்ப்பார். கண்டதைக் கண்டபடி எழுதி, சாட்சிகள் முன்னால் உரக்கப் படித்து, கையெழுத்து வாங்குவார். அதுதான் மகசர். கூடவே நாங்கள் இடத்தை அளப்போம்.

எங்கள் இன்ஸ்பெக்டர் தோமஸ் சார். தெற்கே இருந்து வந்த மலையாளி. எங்கள் தமிழைத் தன் மலையாளத்தில் நனைத்துப் பேசுவார். எந்தக் குடிசையானாலும் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார். அரை ஆள் உயரக் குடிசைக்கு முன்னால் அந்தப் பெரிய உடம்பு குனிந்து செருப்பு வாரை அவிழ்ப்பதைப் பார்க்கவே சனம் கூடும். மனுதாரர் வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். ஈரத்துணி சுற்றிய பாட்டில் ஒன்று என் பையில் இருக்கும். "அவருடெ வெள்ளம் குடிச்சால் நம்முடெ நாக்கு அவருடெ பக்கம் சாயும்" என்பார்.

உள்ளே போனதும் அடுப்புக்கு முன்னால் குந்துவார். உள்ளங்கையைக் கவிழ்த்துச் சாம்பலுக்கு மேல் பிடிப்பார். பிறகு சாம்பலைக் கிளறி, அடியில் மண் வெந்து சிவந்திருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு அண்ணாந்து கூரையில் கரி படிந்திருக்கிறதா என்று பார்ப்பார். பானைகளைத் திருப்பி அடியைப் பார்ப்பார், மூடியைத் திறந்து உள்ளே பார்ப்பார். மனிதர்களிடம் கேள்வி கேட்பது கடைசியில்தான். "அடுப்பு கள்ளம் பறயாது", அடுப்பு பொய் சொல்லாது என்பது அவர் வேதம்.

அந்தக் கண்டிப்புக்குக் காரணம் இருந்தது. சமவெளிக்கு மாற்றலாவதற்கு முன், மலையில் இருந்தபோதும் அவருக்குக் கீழே நான் வேலை பார்த்திருக்கிறேன். கம்பம்மெட்டில் ஒருவன் அவசரமாக ஒரு கொட்டகை போட்டு, இரவல் பானை, இரவல் பாய், குஞ்சுகளோடு ஓர் இரவல் கோழி என்று சகலமும் ஜோடித்து வைத்திருந்தான். சார் ஒன்றுமே கேட்காமல் வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். பொழுது சாய்ந்தது. கோழி குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு, எங்கள் எல்லோர் முன்னாலும், சரிவில் இறங்கி இன்னொரு வீட்டுக்குப் போயிற்று.

"அது எப்பவும் அப்படித்தான் சார், பக்கத்து வீட்டுல போயிப் படுத்துக்கிடும்" என்றான் அவன்.

"பின்னே நீயும் அதோடே போய்ப் படு" என்று எழுந்துவிட்டார் சார்.

இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன். முதலமடைக்குக் கிழக்கே அந்த நார் எஸ்டேட்டுக்குப் போய் வந்த பிறகு, சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

நார் எஸ்டேட் என்றால், வெள்ளைக்காரத் துரை ஒருவர் அந்தக் காலத்தில் மழை எட்டாத அந்தக் காட்டில் ஆனைக்கற்றாழையை வரிசை வரிசையாக நட்டு, மடலை அறுத்து, மெஷினில் கொடுத்து நார் உரித்த இடம். கப்பல் கயிற்றுக்குப் போன நார். பிறகு நைலான் கயிறு வந்தது. துரையிடமிருந்து வாங்கியவர் ஊரில் இல்லாத முதலாளி. மெஷினைப் பழைய இரும்புக்கு விற்றுவிட்டு மாமரம் வைத்தார்.

நாங்கள் போனபோது ஆலையின் நான்கு சுவரும் புகைபோக்கியும்தான் நின்றன. கூரை விழுந்து உள்ளே எருக்கு முளைத்திருந்தது. மெஷின் இருந்த மேடையில் போல்ட்டுகள் மட்டும் துருப்பிடித்து நீட்டிக்கொண்டிருந்தன. முன்னால் நார் காயப்போடுகிற களம். கம்பி இல்லாமல் கல் கால்கள் மட்டும், யாரோ கூட்டத்துக்கு வரச்சொல்லிவிட்டு வராமல்போனதுபோல் வரிசையாக நின்றன. பின்னால் நார் அலசுகிற பெரிய தொட்டி, வற்றிப்போய்க் கிடந்தது. அறுக்க ஆளில்லாத ஆனைக்கற்றாழைகள் பனை உயரத்துக்குப் பூத்தண்டு விட்டுக் காய்ந்து நின்றன. அது ஒரு தடவைதான் பூக்கும், பூத்தால் செத்துவிடும்.

ஆலையோடு ஒட்டி, மடலை எடை போட்ட அறை ஒன்று கூரையோடு மிஞ்சியிருந்தது. அதில்தான் ரங்கானும் அவர் சம்சாரம் மாராத்தாவும் இருந்தார்கள். அவர் மெஷினுக்கு மடல் கொடுத்தவர், அவள் தொட்டியில் நின்று நார் அலசினவள். ஆலை மூடியதும் மற்றவர்கள் பொள்ளாச்சி, கோயமுத்தூர் என்று பிழைக்கப் போய்விட, இவர்கள் போக இடமில்லாமல் அங்கேயே தங்கிவிட்டார்கள். ரேஷன் கார்டு இல்லை. எஸ்டேட் விலாசத்தில் கார்டு வேண்டுமானால் முதலாளியின் காரியஸ்தர் கையெழுத்துப் போட வேண்டும்; அவர் போடவில்லை. மாறாக, "அவங்களுக்கு ஊடு பொள்ளாச்சிப் பக்கம் இருக்குது, இங்க ஆடு கட்டத்தான் வர்றாங்க" என்று எதிர்மனு கொடுத்திருந்தார். ஆக, அன்றைக்குச் சார் கண்ணால் காண்பதுதான் அவர்களுக்கு இருந்த ஒரே ஆதாரம். தவறினால் அந்த அறையை விட்டுக் காலிபண்ண வேண்டியதுதான்.

போய்ச் சேர்ந்தால், திருவிழா மாதிரி இருந்தது. வழி முழுக்கப் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். எடை அறைக்குப் புதுச் சுண்ணாம்பு, வாசலில் கோலம். ஒரு பெஞ்சு, அதன்மேல் பளபளவென்று இரண்டு எவர்சில்வர் டம்ளர். இரண்டும் இரவல் என்று பார்த்தாலே தெரிந்தது. மாந்தோப்பில் வேலை செய்கிற சனம் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்தது.

"ஏ மாராத்தா, என்ன, ஊட்டுல கலியாணமா?" என்றாள் ஒருத்தி.

"கலியாணந்தான்டி. எனக்கும் இந்த ஊட்டுக்கும்" என்றாள் மாராத்தா.

கட்டியிருந்த சேலையும் அந்தக் கேள்வி கேட்டவளுடையதுதான். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"வாங்க சாமி, வாங்க" என்று மாராத்தா கும்பிட்டாள். சார் செருப்பைக் கழற்றினார். அதைப் பார்த்ததுமே அவள் முகத்தில் பாதிக் காரியம் முடிந்துவிட்ட நிம்மதி. காரியஸ்தர் குடையை ஊன்றிக்கொண்டு மாமர நிழலில் நின்றார்.

உள்ளே சார் அடுப்புக்கு முன்னால் குந்தினார். அடுப்புக்கும் வெள்ளையடித்துக் குங்குமப் பொட்டு வைத்திருந்தார்கள். ஒரு சிட்டிகைச் சாம்பல் இல்லை. சார் கையை நீட்டினார், ஜில்லென்று இருந்திருக்கும். அண்ணாந்து பார்த்தார். உத்தரம்வரை சுண்ணாம்பு. பானை இல்லை, பாய் இல்லை, கொடியில் ஒரு துணி இல்லை. தரை சாணம் மெழுகிக் கோயில் மாதிரி இருந்தது.

"இன்னு சமையல் இல்லே?"

"ஐயா வர்ற நாளுங்க. பொகை மூட்டுனாக் கண்ணு எரியுங்களேன்னு அடுப்பப் பத்த வெக்கலீங்க" என்றாள் மாராத்தா, பெருமையாக.

வெளியிலிருந்து காரியஸ்தர் குரல்: "பாத்துக்குங்க சார். நேத்து வெள்ளையடிச்சு இன்னிக்கு ஊடுங்கறாங்க!"

சார் கூட்டத்தைப் பார்த்து, "இவர் இவிடெத்தன்னெயோ தாமசம்?" என்று கேட்டார், இவர்கள் இங்கேயேதான் குடியிருக்கிறார்களா என்று. சனம் காரியஸ்தரைப் பார்த்தது. எல்லோருக்கும் கூலி கொடுப்பவர் அவர். ஒருவர் வாயும் திறக்கவில்லை. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். கூலி கொடுக்கிற கை போதும் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

நான் சங்கிலியை எடுத்துக்கொண்டு அளக்கப் போனேன். மறுமுனையை ரங்கான் பிடித்தார். மெலிந்த மனிதர், பேச்சும் மெலிசு. ஆலையைச் சுற்றிப் பின்பக்கம் வந்ததும் நின்றுவிட்டார்.

"தொட்டிப் பக்கம் வேண்டாமுங்க. பாம்பு கெடக்கும்."

"பாம்புக்குப் பயந்தா செயின்மேன் சோறு திங்க முடியுங்களா?" என்று நான் போய் எட்டிப் பார்த்தேன்.

தொட்டிக்குள், முள்கிளையால் மூடி, ஒரு குடும்பமே கிடந்தது. கரிப்பானைகள், கிழிந்த பாய்கள், கந்தல் மூட்டை, மண்ணெண்ணெய் விளக்கு, நார்க்கழிவு அடைத்த தலையணைச் சாக்கு.

ரங்கான் தலையைக் குனிந்துகொண்டார். "அவதானுங்க... பெரிய ஆபீசர் வர்ற எடத்துல இந்தக் கருமமெல்லாங் கெடந்தா அசிங்கம்னு விடியறதுக்குள்ள கொண்டாந்து போட்டா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த நேரம் உள்ளே சார், கூட வந்த கிளார்க்கிடம் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது: "தாமசத்தின்டெ அடையாளம் ஒன்னும் காணுன்னில்லா..." குடியிருக்கிற அடையாளம் ஒன்றும் தென்படவில்லை. சிரிப்பு நின்றது. ரங்கானிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் சங்கிலி முனையைத் தரையில் வைத்துவிட்டார்.

"நீங்களே அவகிட்டச் சொல்லுங்க சாமி. எனக்குத் தகிரியமில்லீங்க."

மாராத்தாவை ஓரமாகக் கூப்பிட்டேன். "அம்மிணி, தொட்டியில இருக்கற சாமானையெல்லாம் கொண்டாந்து காட்டுங்க."

"எந்தச் சாமானுங்க?" கண் கூட்டத்தின் பக்கம் போய்வந்தது. "எங்குளுக்கு அப்பிடியெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"காட்டாட்டி ஊடு போயிருமுங்க. ஆருமே இங்க குடியில்லைன்னு எழுதிக்கிட்டிருக்காரு."

"எதனாலீங்க?"

"அடுப்புல சாம்பல் இல்லை. சட்டி பானை இல்லை."

அவள் என்னை நம்பாமல் பார்த்தாள். "சுத்தமா வெச்சதுக்கா? கூழானாலுங் குளிச்சுக் குடி, கந்தையானாலுங் கசக்கிக் கட்டுன்னு சொல்லித்தானுங்க எங்காத்தா வளத்துனா. அது தப்புங்களா?"

எல்லாவற்றுக்கும் ஒரு பழமொழி வைத்திருக்கிறவன் என்று ஆபீசில் எனக்குப் பெயர். அன்றைக்குத் தொட்டிப் பக்கம் கையை மட்டும் காட்டினேன்.

அவள் காரியஸ்தரைப் பார்த்தாள். கூட்டத்தைப் பார்த்தாள். இரவல் சேலையின் கொசுவத்தை ஒரு தடவை நீவிவிட்டுக்கொண்டாள். பிறகு தொட்டியை நோக்கி நடந்தாள். நான் சாரிடம் போய், "சாமான் வருது சார்" என்றேன். அவர் பேனாவை நிறுத்தச் சொன்னார்.

மனுதாரர் சாமானை நாங்கள் தொடக்கூடாது. தொட்டால் நாங்களே கொண்டுவந்து வைத்தோம் என்று எதிர்க்கட்சி சொல்லும். ஆகவே அவள் தூக்கிவந்தாள், நாங்கள் நின்றோம். முதலில் பாய். கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. அடுத்துக் கரிப்பானை.

"ஏ மாராத்தா, ஏஞ்சேலையக் கட்டீட்டுக் கரிச்சட்டியத் தூக்காத!" என்று கத்தினாள் அந்தப் பெண்.

அப்போது சிரிப்பு பெரிதாயிற்று. மாராத்தா நிற்கவில்லை. கந்தல் மூட்டையைக் கொண்டுவந்து வெள்ளைச் சுவருக்கு முன்னால், கோலத்துக்கு மேல் வைத்தாள். விளக்கை வைத்தாள். சாக்குத் தலையணையை வைத்தாள். ஒவ்வொன்றாக வர வரச் சிரிப்பு குறைந்துவந்தது. கடைசியாக ஒரு மூடிய பானையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக் கொண்டுவந்து, மற்றவற்றுக்குப் பின்னால், கண்ணில் படாதபடி வைத்தாள்.

தோமஸ் சார் குந்தினார். பானைகளைத் திருப்பி அடிக்கரியை விரலால் சுரண்டிப் பார்த்தார். ஏடு ஏடாக வந்தது, பல வருஷத்துக் கரி. பிறகு அந்தக் கடைசிப் பானைக்குக் கையை நீட்டினார்.

"அது வேண்டாங்க சாமி" என்றாள் மாராத்தா. அவள் குரல் அப்படி இறங்கி நான் அதற்குமுன் கேட்கவில்லை.

சார் வழக்கப்படி மூடியைத் திறந்தார். கொழகொழவென்று வெளுத்த துண்டுகள், கசப்பு வாடை. அவருக்குப் புரியவில்லை. "இது எந்தா?"

எங்கள் எல்லோருக்கும் புரிந்தது. எஸ்டேட் வேலியோரம் தானாக முளைக்கிற சோற்றுக் கற்றாழையின் கிழங்கு. தண்ணீர் மாற்றி மாற்றி வேகவைத்துக் கசப்பை இறக்கித் தின்பது. பஞ்சத்தில் சனம் உயிர் பிழைத்தது அதனால்தான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆனால் பஞ்சமில்லாத காலத்தில் அதைத் தின்பதாக ஒருத்தரும் வெளியில் சொல்ல மாட்டார்கள். தினமும் அரிசிக் கஞ்சி என்று அக்கம்பக்கத்தில் சொல்லிவந்தவள் அவள்.

"கத்தாழக் கெழங்குங்க சார்" என்றார் காரியஸ்தர் நிழலிலிருந்து. "மாடு கூடத் திங்காது. அப்பிடியே எழுதிக்குங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. சார் மூடியைப் பானைமேல் வைத்துச் சரியாகப் பொருந்துகிறதா என்று திருகிப் பார்த்தார். கிளார்க்கிடம், "ஊணு, வேவிச்சது. ஊணு என்னு எழுதியால் மதி" என்றார். வேகவைத்த சாப்பாடு, அப்படி எழுதினால் போதும்.

ஆனால் மகசரைப் படித்துக் கேட்கச் செய்ய வேண்டும், அது விதி. கிளார்க் படித்தார். கிழிந்த பாய் இரண்டு. வாய் உடைந்த சட்டி ஒன்று. அடி ஓட்டையான குடம் ஒன்று. கந்தல் மூட்டை ஒன்று. பள்ளிக்கூடத்தில் ஆஜர் கூப்பிடுவதுபோல் ஒவ்வொன்றாக. ஒவ்வொன்றுக்கும் மாராத்தா "ஆமாங்க" சொல்ல வேண்டியிருந்தது. சொன்னாள். ரங்கான் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றார். கைநாட்டு வைத்த பிறகு அவள் கேட்டாள்:

"பாத்தாச்சுங்களா சாமி? இனி எடுத்து உள்ள வெக்கட்டுங்களா?"

சார் தலையை மட்டும் ஆட்டினார். அவள் குனிந்தபோது, சேலைக்காரி கூட்டத்திலிருந்து வந்து பாயைச் சுருட்டினாள். "உடு, கரிதானே. தொவச்சாப் போயிரும்" என்றாள்.

திரும்பி வரும்போது வாய்க்கால் கரைவரை சார் முன்னால் வேகமாக நடந்தார். நின்று, "நமுக்கு வேறே வழி இல்லாயிருந்நு" என்றார். "ஆமாங்க சார்" என்றேன். உண்மைதான். வழி இல்லைதான். கேஸ் ஜெயிக்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஆனாலும் பஸ்ஸில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வந்தோம். அதற்குப் பிறகும் அவர் பானை திறந்துதான் பார்த்தார், வேலை அது. ஆனால் திறக்கும் முன் கூட்டத்தை வேலிக்கு வெளியே போகச் சொல்லிவிடுவார். காரியஸ்தர் யாராக இருந்தாலும்.

தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. எல்லைக் கல் நடுகிற வேலை எனக்கு வந்தது. மனதுக்குள் ஒரு சந்தோஷத்தோடுதான் போனேன். இவ்வளவுக்கும் பிறகு நல்ல சேதி கொண்டுபோகிறவன் நான் அல்லவா? ரங்கான் கடப்பாறை பிடித்தார். மாராத்தா தன் பழைய சேலையில், கை கட்டிக்கொண்டு, ஒவ்வொரு மூலைக்கும் கூடவே வந்து பார்த்தாள். நான்காவது கல்லை நட்டு மண் மிதித்தேன்.

"அவ்வளவுதானுங்க அம்மிணி. இனி இது உங்க எடம்."

"ஏனுங்க, இனி ஆரும் ஊட்டுக்குள்ள பூந்து சட்டி பானையத் தொறந்து பாக்க மாட்டாங்கல்ல?"

"மாட்டாங்க. ஆரா இருந்தாலும் வெளிய நின்னு கூப்புடோணும். நீங்க வாங்கன்னாத்தான் உள்ள வரலாம்."

"சர்க்காரு ஆளுகளுமுங்களா?"

"ஆமாங்க, அவங்களுந்தான்."

அவள் என் காலைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். கல்லுக்கு உட்பக்கம் நின்றுகொண்டிருந்தேன். செருப்பும் போட்டிருந்தேன். கல்லைத் தாண்டி வெளியே போய் நின்றேன். வாங்க என்று சொல்வாள் என்று நின்றேனா, போய்வாங்க என்றாவது சொல்வாள் என்று நின்றேனா, தெரியாது. மாராத்தா திரும்பி நடந்து உள்ளே போய்விட்டாள்.

ரங்கான் கூச்சத்தோடு கடப்பாறையைத் துடைத்தார். "அவ அப்பிடித்தானுங்க. தப்பா நெனச்சுக்காதீங்க."

"செரிதானுங்க" என்றேன், சங்கிலியை மடித்துக்கொண்டே. "அவங்க எடம்."